ஐம்பது ரூபாய் அபராதம் போதாது

போன மாதம் நாங்குநேரி போகும் நான்குவழிச் சாலையோரம் ஒரு டீக்கடையில் அந்த நாயைப் பார்த்தேன். லேப்ரடார், பெண் நாய். மடி தொங்கிக் கிடந்தது. ஐந்தாறு ஈத்தாவது போட்டிருக்கும். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து, பெல்ட் கிடந்த தடம் அப்படியே தெரிந்தது. காது நிறைய உண்ணி. கடைக்காரர் ஊற்றிய பாலைப் படுத்தபடியே நக்கியது.

“முந்தாநாள் ராத்திரி ஒரு லோடு வண்டியில கொண்டாந்து எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான் அண்ணாச்சி. கொஞ்ச தூரம் வண்டி பின்னாலயே ஓடிச்சி” என்றார். வண்டி எண்ணையும் குறித்து வைத்திருந்தார்.

எண் கையில் இருக்கிற தைரியத்தில் காவல் நிலையத்துக்குப் போனேன். ஏட்டையா மரியாதையாகத்தான் பேசினார். “மனு குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா இதுக்கு நான் நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாது சார். மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். கோர்ட்டுக்கே போனாலும் அம்பது ரூவாதான் அபராதம்.”

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் கிடந்து தவிக்கும்படி கைவிடுவது குற்றம். நோயில் கிடப்பதைத் தெருவில் சாக விடுவதும் குற்றம். அடிப்பது, குட்டையான சங்கிலியில் நாள் கணக்கில் கட்டிப்போடுவது எல்லாமே குற்றம்தான். முதல் தடவை பிடிபட்டால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால்தான் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-இல் 50 ரூபாய்க்கு ஒரு கனம் இருந்திருக்கும். இன்றைக்கு அந்த டீக்கடையில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, பிராணியைக் கொன்றால், விஷம் வைத்தால், முடமாக்கினால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த நாயை யாரும் கொல்லவில்லையே. குட்டி விற்றுக் காசு பார்த்துவிட்டு, இனி ஈனாது என்று தெரிந்ததும் இரவில் இறக்கிவிட்டுப் போனார்கள். நான்கு நாள் கழித்து லாரியில் அடிபட்டுச் செத்தாலும் 50 ரூபாய்தான்.

இதை மாற்ற டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடலாம் என்கிற அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17-ஆவதாக இருக்கிறது. மாநிலமே திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கலாம். நாம் செய்து காட்டியதுதான் இது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு திருத்தியது இதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அதைச் செல்லும் என்றது. பாளையங்கோட்டையில் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் நானும் ஒருவன். நாட்டு மாட்டுக்காக ஒரு வாரத்தில் திருத்த முடிந்த சட்டத்தை, நம் வாசலில் படுத்திருக்கிற நாய்க்காக ஏன் திருத்த முடியாது?

எங்கள் தாத்தா மானூர்ப் பக்கம் கிடை போட்டவர். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டை அடைத்துவிட்டு, கம்பங்கூழில் முதல் உருண்டையை நாய்க்கு வைத்த பிறகுதான் அவர் கும்பாவைத் தொடுவார். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் நம் தென்சீமை வளர்த்த இனங்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். நம் ஊருக்கு இரக்கத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் முதலில் வேண்டியது, கைவிடுவதையும் கொடுமையையும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமாக்குவது. அபராதத்தை ஆயிரக்கணக்கில் உயர்த்தினாலும், ஏட்டையா கையில் அதிகாரம் இல்லையென்றால் அது காகிதத்திலேயே கிடக்கும். அப்புறம் பதிவு. அரிசி அளவு சிப் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்துவிட்டால், எங்கே விட்டாலும் யார் வளர்த்த நாய் என்று தெரிந்துவிடும். குட்டி எடுத்து விற்பவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும் என்று 2017-லேயே மத்திய விதி வந்துவிட்டது. வீட்டு மாடியில் கூண்டு வைத்து விற்பவர்களிடம் போய் அதைக் கேட்பது யார்?

“தெருநாய் கடிச்சு மனுசன் சாகுதான், நீங்க நாய்க்குச் சட்டம் கேக்கீங்களே” என்று என் மச்சானே கேட்டார். அவர் பயம் நியாயமானது. அவருடைய மகளை நாய் கடித்து ஊசி போட்டிருக்கிறார்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் தெருவில் திரிகிறவற்றில் வீட்டிலிருந்து இறக்கிவிட்டவையும் அவற்றின் குட்டிகளும் சேர்ந்துதானே இருக்கின்றன? வளர்ப்பவனைப் பொறுப்பாக்கி, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் கணக்குக் கேட்கிற சட்டம் மச்சான் மகளுக்கும் சேர்த்துத்தான்.

அந்த நாய் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். கர்ப்பப்பையில் சீழ், அறுவை சிகிச்சை முடிந்து தேறி வருகிறது.

வருகிற திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாளில் மனு கொடுக்கிறேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நகல். சட்டமன்றத்தில் இதை ஒரு கேள்வியாகவாவது எழுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், மனுவை அனுப்புகிறேன். நேரில் வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு வாசலுக்கு வந்துவிடுங்கள்.