மனிதக் கருவுக்குச் செவுள் முளைப்பதில்லை, கோழிக் கருவுக்கும்தான்

"தாய் வயிற்றில் குழந்தை முதலில் செவுளோடு மீனாக இருக்கும், அப்புறம் பறவையாகி, கடைசியில் மனிதனாகும்" என்று ஒரு பழைய ஓவியத்துடன் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஓவியம் ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கலுடையது, 1874-இல் வெளியானது. அதில் கருக்களின் ஒற்றுமை மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. 1997-இல் கருவியல் ஆய்வாளர் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழு நிஜக் கருக்களின் புகைப்படங்களை வெளியிட்டபோது அது பளிச்சென்று தெரிந்தது.

செவுள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவது தொண்டை வளைவுகளை, அதாவது கருவின் கழுத்துப் பகுதியில் தோன்றும் மேடுகளை. மனிதக் கருவில் நான்காம் வாரத்திலும், கோழிக் கருவில் அடைகாத்த மூன்றாம் நாள் வாக்கிலும் அவற்றைப் பார்க்கலாம். இரண்டிலுமே அவை மூச்சுவிட உதவுவதில்லை. முதல் வளைவிலிருந்து நமக்குத் தாடையும், நடுச்செவியின் சுத்தி, பட்டடை எலும்புகளும் வருகின்றன. பறவையில் அந்த இரண்டின் இணைகள் தாடை மூட்டிலேயே தங்கிவிடுகின்றன; அதன் நடுச்செவியில் ஒரே எலும்புதான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி நமக்கு இடப்பக்கம் வளையும், பறவைக்கு வலப்பக்கம். பறவை என்ற கட்டம் நமக்குக் கிடையவே கிடையாது.

சரி, அப்படியானால் ஒற்றுமையே மோசடியா? அப்படியும் சிலர் பரப்புகிறார்கள், அதுவும் தவறு. இரண்டு கருக்களிலும் இதயம் வெறும் குழாயாகத் தொடங்கி நான்கு அறைகளாகிறது. கோழியில் இரண்டாம் நாளிலும், மனிதரில் சுமார் 22-ஆம் நாளிலும் துடிக்க ஆரம்பிக்கிறது. கோழி முட்டையில் மஞ்சள்கருவைச் சூழ்ந்திருக்கும் பை (yolk sac), நஞ்சுக்கொடி வழியே உணவு பெறும் மனிதக் கருவுக்கும் உண்டு. முதல் ரத்த அணுக்கள் உருவாவது அங்கேதான்.