இலக்கங்களை விடுங்கள், அந்த 0-வைப் பாருங்கள்

புதிதாக ஒரு பெரிய பகா எண் கிடைத்துவிட்டது என்று எப்போது செய்தி வந்தாலும் இலக்கக் கணக்கோடு முடித்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்ததும் அப்படித்தான். 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண், 4 கோடியே 10 லட்சம் இலக்கங்கள், அவ்வளவுதான் செய்தி. எனக்கு இதில் பெரிய ஆதங்கம். 1-ஐயும் இதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் இதை மீதியின்றி வகுக்க முடியாது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்!

ஒவ்வொரு எண்ணாகக் காரணி தேடுவது நடக்காத காரியம். தேடவே வேண்டாம் என்பதுதான் அழகு. 2-இன் அடுக்கில் ஒன்று குறைவான இந்த மெர்சென் எண்களுக்கென்றே லூகாஸ்–லெமர் சோதனை இருக்கிறது. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் இல்லை.

கையாலேயே போடலாம். 2-இன் 7-ஆம் அடுக்கு 128, ஒன்று குறைந்தால் 127. முதலில் 4, அடுத்து 14, அடுத்து 194. இதை 127-ஆல் வகுக்கக்கூட வேண்டாம். 194-இல் 128 ஒரு தடவை போகும், மிச்சம் 66. அந்த 1-ஐயும் 66-ஐயும் கூட்டினால் 67, அதுதான் மீதி. இரும எண்ணில் வேலை செய்யும் கணினிக்கு இது வெறும் வெட்டிக் கூட்டுகிற வேலை. அப்புறம் 42, 111. 111-இன் வர்க்கத்தில் 2 போனால் 12319. அது சரியாக 97 × 127. மீதி 0! எத்தனை முறை போட்டாலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

அடுத்து 2047 போட்டுப் பாருங்கள், 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஒன்பதாவது படியில் 1736 வந்து நிற்கும். ஆக, பகா எண் இல்லை. ஆனால் 23 × 89 என்பது இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டாது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைப் பகா எண் என்று 1644-இல், இந்த எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென் எழுதிவைத்தார். அது தவறு என்று 1876-இல் எடுவார் லூகாஸ் நிறுவினார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல். 193707721 × 761838257287 என்று அதை ஃபிராங்க் நெல்சன் கோல் பிரித்துக் காட்டியது 1903-இல்தான்.

பயன் என்ன என்று கேட்பார்கள். தகவலை ரகசியமாக மாற்றி அனுப்பும் மறைகுறியாக்கத்துக்குச் சில நூறு இலக்கங்களே போதும், இவ்வளவு பெரியது அங்கே வேண்டாம். பயன் காட்டித்தான் இதை மதிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

டுராண்டின் எண்ணுக்கும் இதே வர்க்கம், இதே 2 கழித்தல்தான், 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 839 தடவை. நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் எல்லாம் போச்சு. அதனால் வேறு வேறு கணினிகளில், வேறு வேறு நிரல்களில் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் கடைசியில் வந்தது 0.