அத்தையின் கையிலிருந்து மைக்கை வாங்கியவர்களுக்கு

சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் நடந்த வரலாற்று நிகழ்ச்சியில் என்ன ஆனது என்பதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள், சிலர் சிரிக்கும் முகம் வேறு சேர்த்து. அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. எழுந்து நின்று பேசியவர் என் அத்தை. அப்பாவின் அக்கா. வயது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. வீடியோவில் தெரியாத ஒரு விஷயம், அவர் பேச வேண்டும் என்று போகவே இல்லை. "யாராவது அந்தக் காலத்து நினைவு இருந்தால் சொல்லலாம்" என்று நிகழ்ச்சி நடத்திய நீங்கள்தான் மேடையிலிருந்து கேட்டீர்கள். கேட்டுவிட்டு, சொன்னவரைத் திருத்தினீர்கள்.

அத்தை சொன்னது இவ்வளவுதான்: "ஜப்பான் காலத்துல இங்க குண்டு விழுந்துச்சு, நாங்க குழியில கிடந்தோம்." உடனே மேடையிலிருந்து ஒரு புன்னகை. "அம்மா, அது ஜப்பான்காரன் போட்ட குண்டு இல்ல, நேச நாட்டு விமானம் போட்டது. உணர்ச்சி வேற, வரலாறு வேற." கூட்டம் சிரித்தது. மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

ஐயா, ஜப்பான்காரன் போட்டான் என்று அவர் எங்கே சொன்னார்? ஜப்பான் காலத்தில் விழுந்தது என்றார். போட்டது யார் என்று செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நீங்கள்தான் நினைத்துக்கொண்டீர்கள். வயதான தமிழ்ப் பெண்மணி, சேலை, கையில் துணிப்பை. இவருக்கு என்ன தெரியப் போகிறது என்று ஒரு கணக்கு உங்கள் மனசுக்குள் ஓடியது. அது என் கற்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

சரி, ஆவணம்தானே வேண்டும். பேசலாம்.

என் அப்பாயி, அதாவது அத்தையின் அம்மா, எங்களிடம் ஆயிரம் தடவை சொன்ன கதையில் ஒரு வரி மாறவே மாறாது. "மாசி மாசம். ரெண்டு வாட்டி வந்தான்." தேதி சொல்ல மாட்டார். சொல்லவும் முடியாது. அப்போது சுவரில் தொங்கிய ஜப்பான் நாட்காட்டிப்படி 1945 என்பது 2605. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். ஆகவே அப்பாயி தமிழ் மாதத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது அமெரிக்க விமானப் படையின் பதிவைப் பாருங்கள். கோலாலம்பூர் ரயில்வேயைக் குறிவைத்து வங்காளப் பக்கம் இருந்த தளங்களிலிருந்து பி-29 குண்டுவீச்சு விமானங்கள் வந்தது 1945 பிப்ரவரி 19, பிறகு மார்ச் 10. இரண்டும் மாசிக்குள் வருகிறதா இல்லையா? பஞ்சாங்கம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண் சொன்னதும் அமெரிக்கர்கள் தட்டச்சு செய்த அறிக்கையும் ஒத்துப்போகின்றன. இதில் எது உணர்ச்சி, எது வரலாறு?

முதல் தடவை வந்தது ஏறக்குறைய 50 விமானங்கள். செந்தூல் ரயில்வே பட்டறைக் கட்டடங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அறிக்கை சொல்கிறது. சனிக்கிழமை நீங்களும் அதைத்தான் திரையில் போட்டீர்கள், ரொம்பப் பெருமையாக. மேலிருந்து எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் நன்றாகத்தான் இருந்தது. அதில் கூரை தெரிகிறது, தண்டவாளம் தெரிகிறது, புகை தெரிகிறது. ஆள் தெரியவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. கூரையை எண்ணியவர்கள் கூரைக்குக் கீழே நின்றவர்களை எண்ணினார்களா? எண்ணவில்லை என்றால், எண்ண முடிந்தவர்கள் அந்தக் குடும்பங்கள் மட்டும்தானே? அவர்கள் எழுந்து நின்று பேசும்போது மைக்கை வாங்கலாமா?

அந்தப் பட்டறை என்ன சின்ன இடமா? நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. நாடு முழுக்க ஓடிய இன்ஜின், பெட்டி எல்லாம் அங்கேதான் பழுது பார்க்க வரும். ஆயிரக்கணக்கில் வேலையாட்கள், அதில் எத்தனையோ பேர் தமிழர்கள். மேசையில் யாழ்ப்பாணத்துக் கிராணிகள் (குமாஸ்தாக்கள்), பட்டறைக்குள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான், வேலை அதேதான். தாத்தா பாய்லர் பகுதியில் இருந்தார். சம்பளம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட நோட்டு. அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேலைக்குப் போகாமல் இருந்தால் சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப் போய்விடுவார்கள் என்ற பயம். எனவே, குண்டு போடத் தகுந்த இடம் என்று எதிரி குறித்து வைத்திருந்த இடத்துக்குத்தான் எங்கள் தாத்தா தினமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போனார். "எதிரி" என்று நான் சொன்னது யாரை? அதுதான் எங்கள் வீட்டில் கடைசிவரை யாருக்கும் தெளிவாகவில்லை.

குழி பற்றிச் சொல்ல வேண்டும். குவாட்டர்ஸுக்குப் பின்னால் வெட்டியது. மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர், உள்ளே தவளை. சுற்றிலும் மரவள்ளி நட்டிருந்தார்கள், பாதி மறைப்புக்கு, பாதி வயிற்றுக்கு. முதல் தடவை சங்கு ஊதியபோது அப்பாயி துவைத்த துணியை எடுக்க நின்றுவிட்டார். துணி அப்போது தங்கம் மாதிரி, புதுசாகக் கிடைக்காது. குழிக்குள் அத்தையைத் தள்ளிவிட்டு இவர் விளிம்பில் இருந்தபோதுதான் விழுந்தது. அன்றோடு இடது காது போய்விட்டது. இரண்டாவது தடவை துணியாவது மண்ணாவது என்று முன்னாடியே ஓடிவிட்டார்களாம்.

அந்தக் காதைப் பற்றி எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. அப்பாயி சத்தமாகத்தான் பேசுவார். பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கேயும். பள்ளிக்கூட வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். எனக்கு மானம் போகும். "மெதுவா பேசேன் அப்பாயி" என்று நானே முகத்தைச் சுளித்திருக்கிறேன். வீட்டில் எல்லாருமே சொல்லியிருக்கிறோம். அவர் ஒருமுறைகூட "குண்டு விழுந்த காதுடா" என்று பதில் சொன்னதில்லை. சனிக்கிழமை அத்தையும் சத்தமாகத்தான் பேசினார். அது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். முன்வரிசையில் இரண்டு பேர் அதற்கும் சிரித்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது வருவார்கள், தெரியும். "அப்படியானால் நேச நாட்டுப் படை வந்திருக்கவே கூடாது என்கிறாயா? ஜப்பான்காரனுக்கு வக்காலத்தா?" எங்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? தாத்தாவின் தம்பி தோட்டத்திலிருந்து சயாம் ரயிலுக்குப் போனவர், திரும்பவில்லை. படம்கூடக் கிடையாது. அந்தப் பாதை போடக் கிளந்தான் பக்கம் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரனைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஒருவன் கொடுமைக்காரன் என்பதால் இன்னொருவன் போட்ட குண்டு பூவாகிவிடாது. அவ்வளவுதான்.

"அப்போது குறி பார்த்துப் போட்டார்கள், பட்டறையைத்தான் அடித்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறி பார்த்துத்தான் மார்ச் 10 அன்று சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கத்தை இடித்தார்களா? ரயில்வேக்குப் போட்டது அங்கே போய் விழுந்தது. அதாவது, பாடம் செய்து வைத்திருந்த மிருகங்கள் போனதற்குத் தேதி இருக்கிறது, பிறகு அதே இடத்தில் வந்த தேசிய அருங்காட்சியகத்தின் வரலாற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். செந்தூல் குவாட்டர்ஸில் உயிர் போனவர்களுக்கு அப்படி ஒரு வரி காட்டுங்கள். நான் பதிவை எடுத்துவிடுகிறேன்.

நினைவு தவறும் என்ற வாதம் வேறு. தவறும், யார் இல்லையென்றது? 1941 டிசம்பர் 11 அன்று பினாங்கில் ஜனங்கள் தெருவில் நின்று, குண்டு போட வந்த ஜப்பான் விமானத்தை வேடிக்கை பார்த்தார்கள், நம்ம விமானம் என்று நினைத்து. அரசாங்கம் சொன்னதை நம்பி நின்றவர்கள் அவர்கள். அன்று தவறியது யாருடைய தகவல்? ஜனங்களுடையதா, காகிதத்தோடு உட்கார்ந்திருந்தவர்களுடையதா? இதைச் சொன்னால் "பேச்சை மாற்றுகிறாய்" என்பார்கள். மாற்றுகிறேன்தான், கோபம் வந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய ரயில்வே நிலத்தில் ஒரு பகுதி இன்று பூங்கா, மேட்டுக்குடிக் குடியிருப்பு. பழைய ரயில்வே செங்கல் கட்டடம் ஒன்று 2005இல் இருந்து கலைமையம். போய் நாடகம் பார்த்திருக்கிறேன், அழகான இடம். ஆனால் கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதை குவாட்டர்ஸ்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. செங்கல்லைத் தடவிப் பார்த்து "எவ்வளவு வரலாறு!" என்று சொல்கிறவர்கள், அந்தக் குழியில் கிடந்த ஒருத்தி உயிரோடு எதிரில் நிற்கும்போது ஐந்து நிமிஷம் தர மாட்டார்களாம். நேரம் இல்லையாம். பிறகு அதே மேடையில் செல்ஃபிக்கு இருபது நிமிஷம் போனது, அதையும் வீடியோவில் பார்க்கலாம்.

அத்தை என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். காரில் வரும்போது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "நான் தப்பா சொல்லிட்டேனா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியாது. எனக்கு அதுதான் ஆறவில்லை. உங்கள் திருத்தம் வரலாற்றில் ஒன்றையும் திருத்தவில்லை. ஐந்து வயதில் குழிக்குள் கிடந்த ஒருத்தியை எண்பது வருஷம் கழித்துத் தன் கண்ணையே சந்தேகப்பட வைத்தது. அவ்வளவுதான் அது செய்த வேலை.

இன்பாக்ஸில் வந்து "நிகழ்ச்சி நடத்தியவர்கள் நல்லவர்கள், சொந்தக் காசைப் போட்டுச் செய்தார்கள், இந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டவருக்கு: நல்லவர்கள்தான். தேத்தண்ணியும் கறிபாப்பும்கூட நன்றாகத்தான் இருந்தது. பதிவை எடுக்க மாட்டேன்.