அந்த இன்னொரு வயிறு

மாமா: கல்பனா, இது சாப்பாடா, சாம்பிளா?

கல்பனா: சாப்பாடுதான் மாமா. ஒரு முட்டை, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய்.

மாமா: ஒரு முட்டையை எதற்கு இத்தனை துண்டு போட்டிருக்கிறாய்? எண்ணிக்கையாவது கூடட்டும் என்றா?

கல்பனா: மெல்ல வசதியாக இருக்கும். ஒவ்வொன்றும் நகம் அளவு. கூழாகும்வரை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம்தான் அடுத்தது.

மாமா: அதற்குள் எல்லாம் ஆறிப் போய்விடுமே.

கல்பனா: நீங்கள் பேசப் பேசத்தான் ஆறுகிறது.

மாமா: சரி, தண்ணீராவது குடி.

கல்பனா: சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான்.

மாமா: நடுவில் விக்கினால்?

கல்பனா: யாரும் கேள்வி கேட்காவிட்டால் விக்காது.

(இதற்குமேல் ஒருவர் கேள்வி கேட்பாரா என்று நினைக்கலாம். மாமாக்களை அறியாதவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.)

மாமா: எடை குறைக்கிற ஆபரேஷன் நடந்து வருஷக்கணக்காகிறது. இன்னுமா உன் வயிறு சரியாகவில்லை?

கல்பனா: சரியாகத்தான் இருக்கிறது. சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான். மேலே சின்னப் பை மாதிரி பிரித்து, அதை நேராகக் குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்தப் பைக்கு 30 மில்லிதான் கணக்கு. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி.

மாமா: மீதி வயிற்றை என்ன செய்தார்கள்? தூக்கிப் போட்டுவிட்டார்களா?

கல்பனா: ஸ்லீவ் ஆபரேஷனில்தான் முக்கால்வாசியை வெட்டி எடுப்பார்கள். எனக்குச் செய்தது வயிற்று பைபாஸ். மீதி உள்ளேயேதான் இருக்கிறது.

மாமா: உள்ளேயேவா! முழுசாகவா! சும்மாவா!

கல்பனா: சும்மா இல்லை. செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

மாமா: ஓகோ, என்னை மாதிரி ரிட்டயர் ஆகிவிட்டது என்று சொல்.

கல்பனா: உங்களை மாதிரி என்று எப்படிச் சொல்ல முடியும்? அது இன்னும் வேலை செய்கிறது.

மாமா: இருக்கட்டும், இருக்கட்டும். இந்த இனிப்பை எடுத்துக்கொள். அந்த வயிற்றுக்குப் போகட்டும்.

கல்பனா: மாமா, அதற்கு வழி கிடையாது.

மாமா: வயிறு இருக்கும்போது வழி இல்லாமல் போகுமா? கொஞ்சம் மெதுவாக முழுங்கிப் பார்.

கல்பனா: போன தடவை நீங்கள் விடாமல் ஊட்டிய ஒரு துண்டு ஞாபகம் இருக்கிறதா? இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கிவிடும். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்வையில் முதுகெல்லாம் நனைந்து, குமட்டலோடு பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா: அன்றைக்கா? உனக்கு எங்கள்மேல் கோபம், அதனால் கதவைச் சாத்திக்கொண்டாய் என்றல்லவா பேசிக்கொண்டோம்.

கல்பனா: கோபமும் இருந்தது.

மாமா: அப்போது அந்த வயிறு தூங்கியிருக்கும். இப்போது கொடுத்துப் பார்க்கலாமே?

கல்பனா: மாமா!

மாமா: சரி, வேண்டாம். அது என்ன டப்பா, இத்தனை மாத்திரை? அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே!

கல்பனா: பண்ணியதால்தான் மாத்திரை. இரும்பும் கால்சியமும் உடம்பில் அதிகம் சேர்கிற இடம் சிறுகுடலின் ஆரம்பம். என் சாப்பாடு அந்த இடத்தைத் தொடாமலேயே போய்விடுகிறது. பி12-ம் சரியாகச் சேராது. அதனால் இதெல்லாம் ஆயுளுக்கும் உண்டு. வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

மாமா: எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு முடித்துவிட வேண்டியதுதானே?

கல்பனா: இரும்பும் கால்சியமும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மாமா: உங்கள் அப்பாவும் நானும் ஒரே பந்தியில் உட்காராத மாதிரியா?

கல்பனா: அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. இது இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மாமா: பேசிப் பேசியே தலைவலி வரவைக்கிறாய்.

கல்பனா: எனக்கும்தான்.

மாமா: அப்படியா? என் மூட்டுவலி மாத்திரை பையில் இருக்கிறது, ஒன்று போட்டுக்கொள்.

கல்பனா: ஐயோ, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை எதுவும் எனக்கு ஆகாது. தைத்த இடத்தில் புண் வந்துவிடும்.

மாமா: அந்த வயிற்றில் தையல் இல்லையே? அதற்குப் போட்டுக்கொள்ளேன்.

(கல்பனா ஸ்பூனைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை மெல்லுவதற்காக அல்ல.)

மாமா: ஒன்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போன வருஷம் பார்த்ததற்குக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

கல்பனா: ஆமாம், நான்கு கிலோ.

மாமா: பார்த்தாயா! ஆபரேஷன் வேஸ்ட்!

கல்பனா: ஒன்று, ஒன்றரை வருஷம்வரை எடை இறங்கும். அதற்கப்புறம் பலருக்கும் கொஞ்சம் திரும்ப ஏறும். டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாயிற்று. தூக்கத்தில் மூச்சு அடைக்காமலிருக்க மூக்கில் மாட்டிய மெஷின் இல்லாமலே தூங்குகிறேன். மாடிப்படியில் பாதியில் உட்காருவதில்லை. இதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை, நான்கு கிலோ மட்டும் பட்டுவிட்டது.

மாமா: ஆனாலும் இதெல்லாம் நாக்கைக் கட்ட முடியாதவர்கள் தேடுகிற குறுக்கு வழி. இப்போது வந்த ஃபேஷன்.

கல்பனா: 1966-லேயே எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் அமெரிக்காவில் பைபாஸை ஆரம்பித்துவிட்டார். அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

மாமா: அரை டிராயர் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கல்பனா: அப்படியானால் உங்களுக்குச் சொல்லாமல் ஆரம்பித்தது அவர் தப்புதான். குறுக்கு வழி என்றீர்களே, தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பிட்டாக வேண்டும். பசி இல்லாத நாளிலும் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறேன். நடுவில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. அப்புறம் வளர்ந்தது. அப்போதும் வந்து பார்த்துவிட்டு, 'முடி போச்சே' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மாமா: அக்கறையில் சொன்னதம்மா.

கல்பனா: அன்றைக்கு நான் சாப்பிட உட்கார்ந்தால் 'போதும், போதும்' என்றீர்கள். இன்றைக்கு 'இன்னும் கொஞ்சம்' என்கிறீர்கள். நீங்கள் சொல்லி என் எடை ஒரு கிலோ இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. என் தட்டுக்கு உங்களைக் காவல் போட்டது யார் மாமா?

மாமா: ...

மாமா: அந்த வயிறு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமா?

கல்பனா: கேட்டிருந்தால் எப்போதோ தானாகவே வெளியே வந்திருக்கும்.

(மாமாவின் போன் அடித்தது. அத்தை.)

மாமா: ஆமாம், கல்பனா வீட்டில்தான் இருக்கிறேன்... நன்றாகத்தான் இருக்கிறாள். உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? உள்ளே இன்னொன்று இருக்கிறதாம்! ஆமாம், வயிற்றில்தான். நம்மிடம் மூச்சு விடவில்லை பார்... எப்போதிருந்தா? ரொம்ப நாளாகவே இருக்கிறதாம்... சாப்பாடா? எங்கே, வேளைக்கு நான்கு வாய்தான் இறங்குகிறது. இனிப்பைக் கண்டாலே குமட்டல், வியர்வை. கொஞ்சம் எடையும் போட்டிருக்கிறாள்... டாக்டர் பார்க்காமலா? இரும்பு, கால்சியம், சத்து மாத்திரை என்று டப்பா நிறைய வைத்திருக்கிறாள். என் மாத்திரையைக் கொடுத்தேன், கூடவே கூடாது என்றுவிட்டாள்.

கல்பனா: மாமா, போனை இப்படிக் கொடுங்கள்.

மாமா: பையனா? அவன் காலேஜுக்குப் போயிருக்கிறான். அவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்... என்ன சத்தமே இல்லை? அழுகிறாயா?

கல்பனா: மாமா, கொடுங்கள்!

மாமா: வைத்துவிட்டாள். சமைத்து எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறாளாம். இனிமேல் உன்னை இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொன்னாள். நான் சொன்னால் கத்துகிறாய். அந்த வயிற்றையும் கவனிக்க வேண்டும் என்று உன் அத்தைக்கே தெரிந்திருக்கிறது பார்.