மழைக் காட்சியில் பாட்டு எதற்கு?

குழந்தைகள் படத்தில் பின்னணி இசை இடைவிடாமல் வரணும், இல்லாவிட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) அனிமேஷன் படத்தில் அந்த பஸ் ஸ்டாப் காட்சியைப் பாருங்கள். தங்கையை முதுகில் சுமந்துகொண்டு அக்கா, அப்பா வரும் பஸ்ஸுக்காக நிற்கிறாள். கேட்பது பெரும்பாலும் மழைச் சத்தம்தான். டோட்டோரோ என்கிற பெரிய காட்டு ஆவி வந்து, குடைமேல் சொட்டும் துளிகளில் சொக்கிப்போய், தொம்மென்று ஒரு குதி குதிக்கும். மரத்துத் தண்ணீரெல்லாம் மொத்தமாகக் கொட்டும். எங்கள் செல்லூர் வீட்டு வாண்டு கையிலிருந்த முறுக்கைக் கடிக்க மறந்து பார்த்தது!

படத்தின் இசையமைப்பாளர் ஜோ ஹிசாயிஷிக்கு இசையமைக்கத் தெரியாதா என்ன? எங்கே ஒதுங்கணும் என்றும் தெரிந்தவர். படம் ஓடுவது நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாத காட்சி. ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம் கையால் வரையணும். அப்படி வரைந்த முகத்தைப் பார்க்கவிடாமல் காதைக் கிழிப்பானேன்? டிவியில் தமிழில் வரும் கார்ட்டூன் பலதும் சித்திரைத் திருவிழா மைக்செட் மாதிரிதான் அலறுது.

அதே படத்தின் தொடக்கப் பாட்டு வேறு கணக்கு. பிள்ளைகள் கைவீசி நடக்கத் தோதான தாளம். அங்கே இசை முன்னால் நிற்கலாம், தப்பில்லை.