நாகர்கோவில் மாநகராட்சிச் செலவு: அந்தக் கணக்கில் மூன்று ஓட்டை

'நாகர்கோவில் மாநகராட்சி தலைக்குச் செலவழிக்கிறது குழித்துறை நகராட்சியைவிட எவ்வளவோ அதிகம், ஆனா தூய்மைப் பணியாளர் குறைவு'ன்னு உங்க பதிவில் போட்டிருக்கீங்க. மொத்தச் செலவை வகுத்த மக்கள்தொகை எண்ணே தப்புங்க. நீங்க எடுத்த 2,24,849 என்பது 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் இருந்தவங்க. 2019-ல் மாநகராட்சியான பிறகு ஆளூர், தெங்கம்புதூர் பகுதிகளும் சேர்ந்தாச்சு. செலவு புது எல்லைக்கு, தலை பழைய எல்லைக்கு என்றால் தொகை வீங்கத்தானே செய்யும்! சேர்ந்த பேரூராட்சிகளின் 2011 தொகையையும் கூட்டிட்டு வகுங்க.

அடுத்தது, நீங்க எடுத்த செலவுத் தொகை பட்ஜெட் மதிப்பீடு, அதாவது செலவழிக்கப் போறதா முன்கூட்டிப் போட்ட தொகை. பட்ஜெட்டில் முந்தைய ஆண்டு ஒன்றின் உண்மைச் செலவும் இருக்கும், அதைத்தான் எடுக்கணும். டெண்டர் தாமதமானா மதிப்பீட்டில் பாதிகூடச் செலவாகாமப் போகலாம். பெரிய குடிநீர்த் திட்டம் ஓடுற வருஷம் மூலதனச் செலவு (கட்டுமானம் மாதிரி நீண்டகாலச் சொத்துக்கான செலவு) எகிறும், அதைத் தனியாப் பிரிச்சிடுங்க.

ஆள் கணக்கில்தான் பெரிய சறுக்கல். அனுமதிக்கப்பட்ட பணியிடம் வேறு, நிரப்பப்பட்டது வேறு. ஒப்பந்தக்காரர் வழி வர்ற தூய்மைப் பணியாளர்கள் சம்பளப் பட்டியலிலேயே வரமாட்டாங்க. அவங்க கூலி திடக்கழிவுச் செலவில் ஒளிஞ்சிருக்கும். ஒரு ஊருக்கு நிரந்தர ஊழியரை மட்டும், இன்னொன்றுக்கு ஒப்பந்த ஆளையும் சேர்த்து எண்ணினா ஒப்பீடே இல்லை. குழித்துறைக்கும் இதே சல்லடையைப் போடுங்க.