அந்தச் சொம்பு அரிசியை இழுக்கும்தான்

இடி விழுந்து இரிடியம் என்ற அரிய உலோகமாகிவிட்ட பழைய செம்புச் சொம்பு, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் விலைபோகும் என்று ஏமாற்றுகிறார்களே, அந்த இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் மோசடியில் இன்னமும் லட்ச லட்சமாகத் தொலைக்கிறார்கள். "பேராசைக்காரனுக்கு நல்லா வேணும்" என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. பேராசை பிறகுதான் வருகிறது. சொம்பு அரிசியை இழுக்குமாமே, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆவல்தான் முதலில் ஆளைக் கூட்டிப்போகிறது.

பார்த்தால் உண்மையிலேயே இழுக்கும். சொம்பின் உள்ளே பலமான காந்தம் இருக்கும். செம்பு காந்தத்தைத் தடுக்காது. அரிசியில் பசையோடு இரும்புத்தூள் பூசிக் காயவைத்திருப்பார்கள். அரிசி லேசாகக் கறுத்திருக்கும் என்பதால் வெளிச்சம் மங்கல். தட்டில் பரப்பிய அரிசி சரசரவென்று நகர்ந்து சொம்பில் ஒட்டும்போது, பார்த்தவர் பாதி விழுந்துவிட்டார். கண்ணால் பார்த்தேன் என்பவரிடம் பெண்டாட்டி சொன்னாலும் எடுபடாது.

இரிடியம் நிஜமான உலோகம். 1803-ல் ஸ்மித்சன் டெனன்ட் கண்டுபிடித்தது. இன்று ஸ்பார்க் பிளக் முனையில்கூட இருக்கிறது. அது அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. உருகுவதற்கு 2,446 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1,085 போதும். பழைய காலத்துக் கன்னார் உலையில் இரிடியத்தை வார்த்திருக்கவே முடியாது. இடி விழுந்தால் செம்பு இரிடியமாகிவிடும் என்கிறார்களே, செம்பு அணுவில் 29 புரோட்டான், இரிடியத்தில் 77. மின்னலால் அதை மாற்ற முடியாது.

அரிசி ஒட்டியதைப் பார்த்தவரிடம், விற்குமுன் சொம்பைச் சோதிக்க வேண்டும் என்று பணம் கேட்பார்கள். டெஸ்டிங் கட்டணம், கதிர்வீச்சு உடை, சயின்டிஸ்ட் வரும் செலவு. 2018-ல் டெல்லியில் பிடிபட்ட அப்பாவும் மகனும் நாசாவுக்கு விற்கப்போகிறோம் என்று சொல்லி ஒரு வியாபாரியிடம் வாங்கியது 1.43 கோடி. போட்டதை எடுக்க மேலும் போடுவார்கள். வெளியே சொன்னால் அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்று முதல் நாளே வாயைக் கட்டிவிடுவதால், ஏமாந்தவர் புகாரும் கொடுக்கமாட்டார். கொடுக்க வேண்டும். ஏமாந்தது குற்றமில்லை.

ஆவலை அடக்கச் சொல்லமாட்டேன். வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மணலில் புரட்டினால் கருப்புத்தூள் ஒட்டும். அதைக் கெட்டியான கஞ்சியில் குழைத்து ஒரு பிடி அரிசியில் பிசறி வெயிலில் காயவையுங்கள். செம்புச் சொம்புக்குள் காந்தத்தைப் போட்டு அந்த அரிசியின் மேல் காட்டுங்கள். ஒட்டவில்லையென்றால் தூள் போதவில்லை, இல்லை காந்தம் சொம்பின் சுவரை விட்டு விலகியிருக்கிறது. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.